பசிக்காத மாமியார்

அந்த வீட்டு மருமகள்கள் இரண்டு பேருக்கும் மாமியார் கிடையாது. மூத்தவள் வாழ வருவதற்கு முன்பே அந்த அம்மாள் போய்ச் சேர்ந்தாயிற்று. சம்பந்தம் பேசிய தரகர் அதையே ஒரு கூடுதல் வசதியாகச் சொல்லி விற்றார், மாடிக்குத் தனிக் குழாய் உண்டு என்று வீடு விற்கிறவர் சொல்வதைப் போல. தரகர் பேச்சை முழுசாக நம்பி வந்தால் என்ன ஆகும்? கீழே ரொட்டிக்கடையின் பின்கட்டில், அடுப்புச் சூடு படாமலும் விலகாமலும், ஒரு கண்ணாடி ஜாடிக்குள் மாமியார் உட்கார்ந்திருந்தார்.

ஜாடியில் இருந்தது கோதுமை மாவும் தண்ணீரும்தான். புளித்துப் புளித்துக் குமிழி விடுகிற கூழ். ஈஸ்ட் பொடி எதுவும் போடாமல் அந்தக் கடை ரொட்டியை உப்ப வைப்பது அதுதான். தினமும் காலையில் பழசில் கொஞ்சம் வைத்துக்கொண்டு புது மாவும் தண்ணீரும் ஊட்ட வேண்டும். ஒரு நாள் மறந்தால் முகம் சுண்டிப்போகும். இரண்டு நாள் மறந்தால் மேலே கறுப்பாகத் தண்ணீர் விட்டுக்கொண்டு, மூடியைத் திறக்கிறவர் மூக்கில் அறையும். குளிர்ந்தால் முடங்கிக்கொள்ளும், வெயிலில் பொங்கி மூடியைத் தள்ளும். இளையவள் இந்த வீட்டுக்கு வந்த புதிதில், கையைக் கட்டிக்கொண்டு இதையெல்லாம் கேட்டாள்.

"அக்கா, நீங்க சொல்றதைப் பார்த்தா இது மாவு மாதிரி தெரியலையே. மாமியார் மாதிரில்ல இருக்கு."

மூத்தவள் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த மரக்கரண்டி கீழே விழுந்தது. அன்று வைத்த பெயர்தான். அதற்குப் பிறகு காலையில் பின்கட்டில் முதல் பேச்சே இப்படித்தான் ஆரம்பிக்கும்.

"மாமியாருக்குச் சாப்பாடு போட்டாச்சா?"

"போட்டாச்சு. இன்னும் ஏப்பம் விடலை."

ஓரகத்திகள் என்றால் தெரு ஒரு சண்டையை எதிர்பார்க்கும். எதிர்வீட்டுத் தையல்காரி அதற்காகவே மிஷினை ஜன்னலோரம் இழுத்துப் போட்டிருந்தாள். வருஷக்கணக்கில் தைத்தாள், ஒன்றும் தேறவில்லை. அண்ணன் தம்பி இருவரும்தான் அவ்வப்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அண்ணன் நாள் முழுக்க முன்கடையில் கல்லாவை விட்டு எழுந்திருக்காததால் கல்லாக்காரர். தம்பி ரொட்டியை ஏற்றிக்கொண்டு ஊரெல்லாம் போய்வருவதால் வண்டிக்காரர். பெண்டாட்டிகள் வைத்த பெயர்கள்தான் இவையும். பின்கட்டில் இருப்பவர்களுக்குப் பேர் வைப்பதைத் தவிர வேறு பொழுதுபோக்கு ஏது?

மாமியாருக்கு ஊட்டுவதற்கு முன்னால் ஜாடியில் இருப்பதில் பாதிக்கு மேல் வெளியே எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் ஊட்டிக்கொண்டே போனால் ஜாடி அண்டாவாகி, அண்டா தண்ணீர்த் தொட்டியாகி, கடைசியில் மனிதர்கள் குடிபெயர வேண்டியதாகிவிடும். எடுத்த மாவு முன்பெல்லாம் சாக்கடைக்குப் போனது. அதைப் பார்க்கும்போதெல்லாம் கல்லாக்காரருக்கு வயிறு எரியும். வியாபாரம் செய்கிற குடும்பத்தில் மிச்சம் என்ற சொல்லுக்கு இலாபம் என்றுதான் அர்த்தம், கொட்டுவது என்று இல்லை.

அந்த மிச்சத்தில் ரொட்டி தட்டிப் பார்த்தது மூத்தவள். எடுத்த மாவில் ஒரு கைப்பிடி புது மாவு, உப்பு, ஒரு கரண்டி எண்ணெய், பொடியாக அரிந்த வெங்காயத் தாள். பெரிய அடுப்பு சூடேறும்வரை மூடி வைத்துவிட்டு, கையை நனைத்துக்கொண்டு உருட்டித் தட்டி, காய்ந்த இரும்புக்கல்லில் போட்டு ஒரு தட்டால் மூடுவாள். திறந்தால் மேலெல்லாம் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, ஓரம் முறுகி, நடு மெத்தென்று இருக்கும். மடித்தால் உடையாது. சாதாரண மாவில் யார் வேண்டுமானாலும் இப்படித் தட்டலாம். ராத்திரியெல்லாம் பட்டினி கிடந்த மாவில் தட்டினால்தான் அந்தப் புளிப்பு வரும், நாக்கின் ஓரத்தில் ஏறி, விழுங்கின பிறகும் இறங்காமல் நிற்கும். ஒரே முக்காலியில் ஆளுக்குப் பாதியாக உட்கார்ந்து இருவரும் அதைத் தின்பார்கள். முறுகின ஓரம் இளையவளுக்கு, நடு மூத்தவளுக்கு. மிச்ச ரொட்டி என்று பேர். அப்புறம் முன்கடையில் வந்தவர்கள் வாசனை பிடித்துக்கொண்டு கேட்க, அதுவும் விற்பனைக்குப் போயிற்று.

மூத்தவளுக்கு ஒரு ஆசை உண்டு. கேட்டால் சிரிப்பு வரும், அதனால் யாரிடமும் சொன்னதில்லை, இளையவளைத் தவிர. பின்கட்டுக்கு ஜன்னல் கிடையாது. முன்கடைக்கும் பின்கட்டுக்கும் நடுவே ஒரு கதவு, அது எப்போதும் சாத்தியிருக்கும். நெருப்பைப் பார்க்கிறவள் முன்னால் வந்து நின்றால் ரொட்டி கருகும் என்பது கல்லாக்காரர் போட்ட சட்டம். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் சுட்ட ரொட்டிகளை அடுக்கினால் தெருவை மறைத்துவிடலாம். ஆனால் அவள் சுட்ட ரொட்டியை வெளியாள் ஒருவர் கடிக்கிற முகத்தை அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

"பார்க்கணும்டி. அவ்வளவுதான். வாயில வைக்கறப்ப மூஞ்சி எப்படிப் போகுதுன்னு."

"நல்லா இல்லைன்னு மூஞ்சியைச் சுளிச்சா?"

"அதையும்தான் பார்க்கணும்."

அந்த ஆசைக்கு ஒரு வழி வந்தது. ஒரு நாள் மதியச் சாப்பாட்டில் வண்டிக்காரர் போகிறபோக்கில் சொன்னார்: அவர் ரொட்டி கொண்டுபோகிற பெரிய ஆஸ்பத்திரியில், வெளிநோயாளிகள் காத்திருக்கிற கூடத்தில் ஒரு ஜன்னல்கடை காலியாகிறது. கையில் பிடித்துத் தின்கிற மாதிரி, எண்ணெய் வடியாத ஏதாவது ஒன்றை அங்கேயே சுட்டுக் கொடுக்க ஆள் தேடுகிறார்கள். ஓரகத்திகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வண்டிக்காரர் குழம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து பின்கட்டில் வேறு பேச்சில்லை.

"நீங்க சுடுங்க, நான் எடுத்துக் குடுக்கறேன் அக்கா."

"ஏன், நான் எடுத்துக் குடுத்தா வாங்க மாட்டாங்களா?"

"உங்க மூஞ்சியைப் பார்த்தா காய்ச்சல்காரனுக்கு இன்னும் ஏறும். ஒரு மூஞ்சி லட்சணமா வேணாமா முன்னாடி?"

"லட்சணமா? மாவு ஒட்டின கரண்டி மாதிரி இருந்துக்கிட்டு."

"சரி, மாறி மாறி நிப்போம். ஒரு நாள் நீங்க, ஒரு நாள் நான். நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு மேசை விரிப்பு வாங்கணும், நீலத்துல."

மூத்தவள் கல்லாக்காரரிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பார்க்கலாம்" என்றார். கடைக்காரர் வாயில் வருகிற பார்க்கலாம் என்ன பார்க்கலாம் என்று அவளுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் புருஷன் வாயில் வரும்போது கொஞ்சம் வேறாக இருக்கும் என்று நம்பினாள். பிறகு எப்போது கேட்டாலும், "கேட்டிருக்கேன், இழுத்துக்கிட்டு இருக்காங்க" என்று பதில் வந்தது. அவளும் இழுத்துக்கொண்டு போகட்டும் என்று இருந்தாள்.

இப்படி இருக்கையில்தான் ஒரு காலையில் மூடியைத் திறந்தபோது மாமியார் பசியோடு இல்லை.

எப்போதும் அந்த நேரத்தில் மாவு ஏறி, இறங்கி, கண்ணாடியில் கோடு கோடாகத் தடம் விட்டு, அடியில் சுருண்டு கிடக்கும். திறந்தவுடன் புளிப்பு முகத்தில் ஏறும். அன்று வயிறு புடைத்து, நடு மேடாக, பளபளவென்று உட்கார்ந்திருந்தது. விருந்துக்குப் போய்விட்டு வந்த ஆள் வீட்டுச் சாப்பாட்டைப் பார்க்கிற பார்வை. மூத்தவள் விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். தித்தித்தது.

"ஏண்டி, நேத்து சாயந்திரம் நீ இதுக்கு ஏதாவது போட்டியா?"

"நானா? இல்லையே அக்கா." இளையவள் மாவு மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். "வெயிலா இருக்கும்."

வெயிலில் மாமியாருக்குப் பசி கூடுமே தவிரக் குறையாது. அதை மூத்தவளுக்கு எடுத்துச் சொன்னதே போன கோடையில் இளையவள்தான். மூத்தவள் அவள் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம், தூக்கக் கலக்கத்தில் ஏதோ சொல்கிறாள் என்று விட்டுவிட்டாள். அன்றைய மிச்ச ரொட்டி கொப்புளமெல்லாம் நன்றாகவே எழும்பியது, வாயில் போட்டால் மாவு, உப்பு, அவ்வளவுதான்.

மறுநாளும் அப்படி. அதற்கு அடுத்த நாளும். யாரோ சாயந்திரத்தில் ஜாடியிலிருந்து மாவை அள்ளிக்கொண்டு, அளவு குறைந்தது தெரியாமல் இருக்க மறுபடியும் ஊட்டி வைக்கிறார்கள். மூத்தவள் சாயந்திரம் குளிக்கப் போகிற நேரம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"ஏங்க, மாமியாருக்கு நீங்க ஏதாவது சாப்பாடு போட்டீங்களா?"

கல்லாக்காரர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "எங்கம்மாவுக்கா?"

"உங்கம்மாவுக்கு எதுக்கு? ஜாடிக்கு."

"அதை நான் தொட்டிருக்கேனா? அதுக்கு வாய் எந்தப் பக்கம்னே எனக்குத் தெரியாது."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். கல்லாக்காரர் தமாஷ் பண்ணுகிற ஆள் இல்லை. பேரத்தில் எதிராளி திடீரென்று தமாஷ் பண்ணினால் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். மூத்தவள் தொட்டுப் பார்க்கவில்லை. சொந்த வீட்டில் யார் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்?

அந்த வாரத்தில்தான் அந்தச் சொல் வந்தது. மேசையில் இருவரும் எதிரெதிரே நின்று ரொட்டிக்கு மாவு உருட்டிக்கொண்டிருந்தார்கள். இளையவள் உருட்டிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள்:

"அக்கா, வியாழக்கிழமை மத்தியானம் நாங்க கொஞ்சம் வெளிய போயிட்டு வந்துடறோம். அடுப்புல ரெண்டாவது தடவை வைக்கற ரொட்டியை நீங்க எடுத்துடுவீங்கல்ல?"

மூத்தவளின் கை உருண்டை மேலேயே நின்றுவிட்டது. இந்தப் பின்கட்டில் இத்தனை வருஷமாகப் புழங்கியது நாம. நாம சாப்பிடலாம், நாம திட்டு வாங்கப்போறோம், நாம மேசை விரிப்பு வாங்கணும். நாம என்றால் கேட்கிறவளும் உள்ளே. நாங்க என்றால் கேட்கிறவளை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தியாயிற்று. சொன்னவளுக்கே அது தெரியவில்லை. எங்கேயோ வேறு இடத்தில், வேறு யாருடனோ சொல்லிச் சொல்லிப் பழகின சொல் தானாக வாயில் வந்துவிட்டது.

"நாங்கன்னா யாருடி?"

உருண்டை ஒரு சுற்று அதிகமாக உருண்டது. "நானும் அவரும்தான்."

வியாழக்கிழமை வண்டிக்காரர் வெளியூர் லைனுக்குப் போகிற நாள். இருட்டின பிறகுதான் வண்டி திரும்பும்.

அன்று மதியம் கல்லாக்காரர் காய்ந்த ரொட்டி ஒன்றை இரண்டு பக்கத்துப் பல்லாலும் நொறுக்கிக்கொண்டே, "வியாழக்கிழமை மத்தியானம் பல் டாக்டர்கிட்ட போகணும். வலி தாங்கலை" என்றார்.

அதற்கப்புறம் மூத்தவளின் மனது போகக் கூடாத சந்துகளுக்கெல்லாம் போய் முட்டிக்கொண்டு திரும்பி வந்தது. தன் புருஷனின் தொப்பையையும், அவர் உட்கார்ந்தபடியே விடுகிற குறட்டையையும், இளையவளின் வாயையும் ஒன்றாகச் சேர்த்து நினைத்துப் பார்த்தாள். நடுவில் ஒரு தடவை சிரிப்புக்கூட வந்தது. சிரித்து முடித்ததும் அதே சந்தில் மறுபடியும் போய் முட்டிக்கொண்டது.

வியாழக்கிழமை கல்லாக்காரர் கன்னத்தில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு கிளம்பினார். போகும்போது வலது கன்னம், தெருமுனையில் திரும்பும்போது இடது கன்னம். கொஞ்சம் பொறுத்து இளையவள் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். நல்ல உடுப்பு, தலையை இழுத்துச் சீவியிருந்தாள். கையில் துணி மூடிய கூடை.

"வந்துடறேன் அக்கா."

"ம்."

அவள் கடந்து போனதும் கூடையின் வாசனை பின்கட்டில் நின்றது. சுட்ட வெங்காயத் தாளும் புளித்த மாவும். அது எந்தக் கல்லில் எவ்வளவு நேரம் கிடந்தது என்றுகூட மூத்தவளால் சொல்ல முடியும். சந்துகளில் அலைந்த மனது சட்டென்று நேர்த்தெருவுக்கு வந்து நின்றது. அந்த ரொட்டியைக் கூடையில் எடுத்துக்கொண்டு போக இந்த ஊரில் ஒரே ஒரு இடம்தான் இருக்கிறது.

இரண்டாவது தடவை ரொட்டியை எடுத்து அடுக்கினாள். அடுப்பை அணைத்தாள். கடைக் கதவை இழுத்துப் பூட்டிவிட்டு, மாவுக் கையோடு நடந்தாள். தையல்காரி மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரிக் கூடத்தில் நாற்காலி நாற்காலியாக ஜனம். யாரோ நம்பர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். தூரத்துச் சுவரில் அந்த ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே விளக்கு. இரும்புக்கல், அதன் மேல் தட்டு. மேசை மேல் நீலத்தில் ஒரு விரிப்பு. கல்லாக்காரர் டேப்பை நீட்டி அலமாரிக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார், பல்வலி குணமாகியிருந்தது. பக்கத்தில் சாவிக்கொத்தோடு நின்ற அம்மாள்தான் கேன்டீனுக்குப் பொறுப்பு போலிருக்கிறது. இளையவள் தட்டைத் தூக்கி, ரொட்டியை எடுத்து, மடித்து, காகிதத்தில் வைத்து நீட்டிக்கொண்டிருந்தாள். இன்றைக்கு ருசி பார்க்க இலவசம் என்று யாரோ சொல்ல, ஜன்னல் முன்னால் வரிசை நீண்டிருந்தது.

மூத்தவள் அந்த வரிசையில் போய் நின்றாள். வேறு என்ன செய்வது என்று தெரியாததால் நின்றாள்.

முன்னால் வாங்கியவர்கள் அவளைத் தாண்டி வந்தார்கள். ஒரு கையில் மாவுக்கட்டுப் போட்ட ஆள் ரொட்டியை மார்போடு அழுத்தி மடித்துக் கடித்தார். கடித்ததும் அவர் புருவம் இரண்டும் மேலே ஏறி அங்கேயே நின்றன. நர்ஸ் ஒருத்தி நடந்துகொண்டே ஒரு வாய் கடித்தவள் நின்றுவிட்டாள், கையிலிருந்த ரொட்டியைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு அம்மாள் பாதியைத் தின்றுவிட்டு, மறுபாதியை உள்ளே படுத்திருக்கிற யாருக்கோ காகிதத்தில் சுற்றினாள், சுற்றினதைப் பிரித்து இன்னும் ஒரு விள்ளல் எடுத்துக்கொண்டு மறுபடி சுற்றினாள்.

இத்தனை வருஷம் கேட்டது கிடைத்துவிட்டது. கிடைக்கிற பொருள் இப்படியும் கிடைக்கும் என்று அவள் நினைத்ததில்லை. நாம நாம என்று சொல்லியே நாமத்தைப் போட்டிருக்கிறார்கள். அவள் பயந்த சந்துகளில் ஒன்றாக இருந்திருந்தால்கூடத் தேவலை. அதற்கு ஊர் ஒரு பேர் வைத்திருக்கிறது, அழுதால் நாலு பேர் வந்து உட்காருவார்கள். இதை என்னவென்று சொல்லி அழுவது? ரொட்டி விற்கப் போனார்கள், என்னைக் கூட்டிக்கொண்டு போகவில்லை என்றா?

வரிசை நகர்ந்து அவள் முறை வந்தது.

"ஒண்ணா, ரெண்டா?" என்றாள் இளையவள், காகிதத்தைக் கிழித்துக்கொண்டே. பதில் வராததால் நிமிர்ந்தாள். காகிதம் கையிலிருந்து நழுவிக் கல்லின் மேல் விழுந்து சுருண்டது.

கல்லாக்காரர் திரும்பினார். டேப் சர்ரென்று தானாகச் சுருட்டிக்கொண்டது. "இது... நம்ம வீட்டுல" என்றார் சாவிக்கொத்து அம்மாளிடம்.

"ஓ, பின்னாடி சுடறவங்க நீங்கதானா. வாங்க, வாங்க." கேன்டீன் அம்மாள் நிஜமான சந்தோஷத்தோடு சொன்னாள். "நானே வந்து பார்க்கணும்னு இருந்தேன். சார்தான் வேணாம்னாரு. உங்களுக்கு ஆளுங்களோட பேசறதுன்னாலே ஆகாதாமே. கூட்டத்தைப் பார்த்தா படபடப்பு வந்துடும்னு சொன்னாரு. பரவாயில்லை, சில பேரு அப்படித்தான். இங்க உங்க தங்கச்சி பார்த்துக்குவாங்க. நீங்க நிம்மதியா பின்னாடி இருங்க."

மூத்தவள் புருஷனைப் பார்த்தாள். அவர் ஜன்னலைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து, அவள் முழங்கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப்போனார். பேரத்தில் சரக்குக்காரனைத் தனியாகக் கூப்பிடுகிற அதே பிடி.

"இங்க பாரு, உன் நல்லதுக்குத்தான். நாளெல்லாம் நின்னா உனக்குக் கால் வீங்கும். ரெண்டு பேரும் இங்க வந்துட்டா அங்க நெருப்பை யாரு பார்க்கறது? ஒருத்தர்தான் வர முடியும். யாருன்னு ஒரு முடிவு எடுக்கணும்ல."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீ வரேன்னு சொல்லுவே."

அத்தனை நாளில் அவர் அவளிடம் பேசிய முதல் உண்மை அதுதான். அவரும் சொன்ன பிறகுதான் அதைக் கவனித்தார் போல, டேப்பை ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாற்றினார்.

இளையவள் கல்லை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தாள். "அக்கா, தினமும் சொல்லணும்னுதான் நெனைச்சேன்."

"எப்ப? சாயந்திரம் மாமியாருக்குச் சாப்பாடு போடறப்பவா?"

"பெரியத்தான்தான் உங்ககிட்ட சொல்ல வேணாம்னாரு. முதல்ல எடம் கையில கெடைக்கட்டும்னாரு. நான் ஒத்துக்கலைன்னா வெளியிலேர்ந்து யாரையாவது வெச்சுக்குவேன்னாரு அக்கா. நான் என்ன பண்ணுவேன்?"

"வெளி ஆளை வெச்சிருந்தா அது வெளி ஆளு." மூத்தவள் குரலை உயர்த்தவில்லை. "எனக்குக் கூட்டத்தைப் பார்த்தா படபடப்பு வரும்னு சொன்னப்ப நீ பக்கத்துல இருந்தியா?"

நீல விரிப்பின் நூல் ஒன்று இளையவள் வளையலில் மாட்டியிருந்தது, அதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

வரிசையில் யாரோ, "ரொட்டி கருகுதும்மா" என்றார்கள். கேன்டீன் அம்மாள் ஓடிப்போய்த் தட்டைத் தூக்கினாள், சூடு பட்டுக் கையை உதறிக்கொண்டே இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். "அம்மா, வந்ததே வந்தீங்க, ஒண்ணு கேட்டுக்கறேன். நாளைக்குத் திறப்பு. மாவு காலையிலேயே வந்துடும்ல?"

எல்லோரும் மூத்தவளைப் பார்த்தார்கள். நடந்ததை இரண்டு வார்த்தையில் சொல்லலாம். இந்த ரொட்டி என்னுடையது, எங்கள் மூன்று பேரில் பொய் சொன்னது யார் என்று அவர்களையே கேளுங்கள் என்று சொல்லலாம். அந்த அம்மாள் நியாயக்காரியாகத்தான் தெரிந்தாள், ஜன்னல்கூடக் கைமாறினாலும் மாறும். அப்புறம் அந்த ஜன்னலுக்குள் பக்கத்தில் யாரை வைத்துக்கொண்டு நிற்பது? அவள் ஆசைப்பட்ட கடையில் இரண்டு பேர் நின்றார்கள். அந்த இரண்டாவது ஆள் இப்போது இல்லை.

"எனக்கு ஆளுங்களோட பேசறது ஆகாதுங்க" என்றாள் மூத்தவள். "மாவு பத்தி எல்லாம் இவங்களைக் கேளுங்க. இவங்கதான் கடைக்காரங்க. பிசையறது, சுடறது எல்லாம் இவங்களே பண்ணிடுவாங்க." இளையவள் பக்கம் திரும்பினாள். "பண்ணிடுவீங்கல்ல?"

இளையவள் அடி வாங்கியவளைப் போல ஒரு எட்டுப் பின்னால் போனாள். வந்த நாளிலிருந்து அவள் டி போட்டுத்தான் கூப்பிடப்பட்டிருக்கிறாள். ஏண்டி, வாடி, போடி கழுதை, தின்னுட்டுப் போடி. கோபத்தில் டி, காய்ச்சலில் நெற்றியைத் தொடும்போது டி. மரியாதை கொடுத்து ஒருவரை வீட்டுக்கு வெளியே நிறுத்தலாம் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"விளையாடாதே" என்றார் கல்லாக்காரர். "வா, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம். கடையில யாரு? நெருப்பு?"

"அணைச்சுட்டேன்."

"அணைச்சுட்டியா? நாளைக்கு ரொட்டி?"

அவரை என்ன செய்வது? அவருக்குக் கல்யாணத்தன்றைக்கே நீங்க போட்டாயிற்று. அதற்கும் அப்பால் தள்ளிவைக்க மொழியில் இடம் இல்லை. அவர் கொஞ்ச நேரம் நின்றார், வாட்ச்சைப் பார்த்தார், மூத்தவளைப் பார்த்தார், பிறகு பூட்டின கடை ஞாபகம் வந்து வேகமாக வாசல் பக்கம் நடந்தார். இந்தத் தடவை கன்னத்தில் கைக்குட்டை வைக்க மறந்துபோனார்.

மூத்தவள் காலியாக இருந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். எதிரே ஒரு ஆள் மருந்துச் சீட்டை மடியில் வைத்துக்கொண்டு ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்கலாம் என்று பார்த்தாள். பார்க்கப் பார்க்க அது யாரோ ஒருவர் சாப்பிடுகிற முகமாக மட்டும் இருந்தது. கையில் காய்ந்துபோன மாவை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தாள்.

நம்பர் கூப்பிடுகிற குரல் நடுநடுவே வந்து போயிற்று. வரிசை இன்னும் நீண்டு, ஜன்னலில் ஆள் இல்லாமல் முணுமுணுத்தது. இளையவள் ஒரு டம்ளரில் தண்ணீரோடு வந்து முன்னால் நின்றாள். கன்னமெல்லாம் ஈரம், அதன் மேல் மாவு ஒட்டியிருந்தது.

"அக்கா, தண்ணி."

"அங்க வைங்க."

"ஒரு தடவை டி போட்டுத் திட்டிடுங்க அக்கா. செருப்பாலகூட அடிங்க. இப்படிப் பேசாதீங்க."

மூத்தவள் நிமிர்ந்து, ஜன்னலைப் பார்த்து, கையால் அந்தப் பக்கம் காட்டினாள்.

"போங்க. ஆளுங்க நிக்கறாங்க."